கண்ணுக்கெட்டிய தூரம்

ஓசூரிலிருந்து தளிக்குச் செல்லும் சாலையின் பக்கத்தே பேளகொண்டப்பள்ளி என்னும் சிற்றூர் உளது. கெலமங்கலத்திற்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த அவ்வூரின் அருகில், கேழ்வரகு விளையும் செம்மண் நிலங்களுக்கு நடுவே, விமானக் களம் ஒன்று இருக்கின்றது. தனேஜா ஏரோஸ்பேஸ் என்னும் தனியார் நிறுவனத்திற்கு உரிய அக்களத்தின் ஓடுபாதை 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. நம் நாட்டின் ஆளில்லா விமான வரலாற்றில் மறக்கவொண்ணாத இரு நிகழ்ச்சிகள் அங்கே நடைபெற்றன.

2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெங்களூரிலிருந்து விஞ்ஞானிகள் பலர் அக்களத்தில் வந்து கூடினர். அவர்கள் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சார்ந்தவர்கள். அவர்கள் கொணர்ந்த விமானத்திற்கு 'ருஸ்தம்' என்று பெயர். 1980-களில் பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் இலேசான விமானம் ஒன்றை உருவாக்கும் பணிக்குத் தலைமை பூண்டு, 2001-ஆம் ஆண்டில் மறைந்த பேராசிரியர் ருஸ்தம் தமானியாவின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7.9 மீட்டர், முன்புறத்தில் சிற்றிறக்கை, பின்புறத்தில் பேரிறக்கை, பொறியோ வாற்புறத்தில் இருந்து கொண்டு விமானத்தை முன்னே தள்ளும். பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் வானில் நின்று, வெகு தொலைவிலுள்ள காட்சிகளைத் தரைக்கு அனுப்பவேண்டும் என்பதே அதனை அமைத்தோரின் நோக்கம். அதனுள் விமானி இல்லை. அவர் தரையிலே, திரைகளின் முன்னே அமர்ந்திருந்தார்.

விமானம் ஓடுபாதையில் ஒழுங்காக ஓடிற்று, எழவேண்டியவாறே எழுந்தது. எல்லோரும் மகிழ்ந்திருந்த அவ்வேளையில் ஒரு பிழை நேர்ந்தது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கின்றது என்பது தரையில் தவறாக மதிப்பிடப்பட்டது. அதன் பயனாகப் பொறியை நிறுத்தும் கட்டளை தரையிலிருந்து சென்றது. கட்டளைக்குப் பணிந்து பொறி நின்றது. விமானம் கீழே விழுந்து சிதைந்தது. இறக்கையில் குற்றமில்லை, பொறியில் குற்றமில்லை, கட்டளையைச் சுமந்து சென்ற ரேடியோ அலையிலும் குற்றமில்லை. யாவும் செவ்வனே இயங்கின என்பதை அச்சோதனையே மெய்ப்பித்தது என்று அத்துறையினர் பின்னர்க் கூறினர். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு, 2010 அக்டோபர் 16-ஆம் நாள், அதே பேளகொண்டப்பள்ளியில் ருஸ்தம் மீண்டும் எழுந்தது. இம்முறை வெற்றியுடன் பறந்தது.

இச்செய்தியை இங்குக் கூறியதற்குக் காரணம் உண்டு. விமானத்தினுள் அமர்ந்திருப்பவன் சாளரத்தின் வழியே தரையைக் காண்கிறான். காற்றின் உதைப்பைத் தன் உடலால் உணர்கிறான். உயரத்தைக் காட்டும் கருவி பொய் சொன்னாலும் அவன் கண் பொய் சொல்லாது. தரையில் நிற்பவனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் கண்ணுக்கு எட்டும் வரையில் கண்ணையும், அதற்கப்பால் கருவி காட்டும் எண்களையுமே நம்பவேண்டும். தேர்ந்த விஞ்ஞானிகள் குழுமியிருந்த களத்திலேயே உயரத்தைக் குறித்து ஐயம் எழுமாயின், ஏரிக்கரையில் தனியாக நின்று ஓர் இளைஞன் செலுத்தும் சிறு கலத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆளில்லா விமானத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும், அதனைப் பறக்கவிடுவதற்கு அரசாங்கம் வகுத்துள்ள விதிகளை விளங்கிக்கொள்வதற்கும் இதுவே திறவுகோல்.

இக்காலத்தில் இக்கலங்களை எல்லோரும் 'ட்ரோன்' என்றே அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் ஆண் தேனீக்கு அப்பெயர். 1935-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் பீரங்கிப் பயிற்சியில் குறியாக வைத்துச் சுடுவதற்கென ஆளில்லாத விமானம் ஒன்றைச் செய்து, அதற்கு 'ராணித் தேனீ' என்று பெயரிட்டனர். அதிலிருந்தே ட்ரோன் என்னும் பெயர் தோன்றியது என்பர். அதன் இரைச்சலைக் கேட்டவர் பெயர் பொருத்தமானதே என்பர். யானைகளும் அவ்வாறே எண்ணுகின்றன போலும். அதனைப் பின்னர்க் காண்போம்.

ட்ரோன் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, "இஃது எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பது. விற்போரும் பெட்டியின் மேலே 8 என்றும் 10 என்றும் 15 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். ஆனால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. "நான் செய்யவேண்டிய வேலை யாது?" என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

பறவைகளைப் பாருங்கள். ஏரியின் மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி சிறகுகளை விடாது அடித்துக்கொண்டு ஓரிடத்திலேயே நிற்கின்றது. கீழே மீனைக் கண்டதும் பாய்கின்றது. பருந்தோ சிறகை விரித்தபடியே காற்றில் மிதந்து காதக் கணக்கில் திரிகின்றது. மீன்கொத்தி அவ்வாறு நெடுநேரம் நிற்க இயலாது. பருந்து ஓரிடத்தில் அசையாது நிற்க இயலாது. ட்ரோன்களிலும் இவ்விரு வகையும் உண்டு. நான்கு அல்லது ஆறு சுழலிகளைக் கொண்டது மீன்கொத்தி வகை. அது தன் எடை முழுவதையும் ஒவ்வொரு நொடியும் சுழலிகளாலேயே தாங்கியாகவேண்டும். ஆதலின் மின்கலத்தின் ஆற்றல் விரைவிற் செலவாகிவிடும். அரை மணி நேரம் பறந்தால் பெரிது. விமானத்தைப் போல விரிந்த இறக்கையுடையது பருந்து வகை. காற்றே இறக்கையைத் தாங்குதலின் சிறிது ஆற்றலைக் கொண்டே அது நெடுந்தொலைவு செல்லும். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 2016 முதல் மலையூர் மருத்துவமனைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் ட்ரோன்கள் இவ்வகையினவே. அவை மருத்துவமனையில் இறங்குவதில்லை. சிறு பாராசூட்டில் பொதியை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். சுழலியால் நேரே எழுந்து, பின்னர் இறக்கையாற் பறக்கும் கலப்பு வகையும் உண்டு, விலைதான் அதிகம்.

கெலமங்கலத்தில் தக்காளித் தோட்டத்திற்கு மருந்து தெளிக்க விரும்பும் உழவருக்குப் பருந்து வேண்டியதில்லை. 10 லிட்டர் மருந்தைச் சுமந்து, பயிரின் தலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் மெல்ல ஊர்ந்து செல்லும் மீன்கொத்தியே வேண்டும். அத்தகைய கலம் பத்து நிமிட நேரத்தில் ஓர் ஏக்கரைத் தெளித்து முடித்துவிடும். தோட்டம் கண்ணெதிரே கிடக்கின்றது. 10 கிலோமீட்டர் செல்லும் ஆற்றல் அவருக்கு எதற்கு? நில அளவைக்கும், குளங்களின் நீர்ப்பரப்பைப் படம் பிடிப்பதற்கும், நீண்ட மின்கம்பித் தொடர்களை ஆராய்வதற்குமே தொலைதூரக் கலம் தேவைப்படும்.

தொலைதூரம் என்னும் சொல்லை இன்னும் சற்று ஆராய்வோம். பெட்டியில் அச்சிட்ட எண் எத்தகையது? அது பெரும்பாலும் ரேடியோ அலை எட்டும் தூரம். அதுவும் தடையற்ற வெட்டவெளியில், வேறு அலைகளின் குறுக்கீடு இல்லாத இடத்தில் அளந்த தூரம். தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது பௌதிக நூல் கூறும் விதி. மேலும் இக்கருவிகள் பயன்படுத்தும் அலைகள் ஒளியைப் போல நேர்க்கோட்டிலேயே செல்வன. இராயக்கோட்டைப் பக்கத்துக் கருங்கற் குன்றுகளுள் ஒன்று குறுக்கிட்டால் போதும்; அதன் மறுபுறம் கலத்திற்கு நம் கட்டளை கேளாது. ஓசூரைச் சூழ்ந்த தொழிற்சாலைப் பகுதிகளிலோ இரும்புக் கூரைகளும் பல்வகை ரேடியோக் கருவிகளும் நிறைந்துள்ளன. அங்கே பெட்டி சொல்லும் தூரத்தை எதிர்பார்ப்பது பேதைமை.

இன்னொன்று: ஓசூர், கெலமங்கலப் பகுதி கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 800 முதல் 900 மீட்டர் உயரமுடைய மேட்டுநிலம். இங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவிற்குக் குறைவு. அடர்த்தி குறைந்த காற்றில் சுழலிகள் மிகுதியாகச் சுழலவேண்டும். சென்னைக் கடற்கரையில் 30 நிமிடம் பறந்த கலம் இங்கே சில நிமிடம் முன்னதாகவே களைத்துவிடும். பெரிய மின்கலத்தைப் பொருத்தினால் என்ன எனலாம். மின்கலத்தை இருமடங்காக்கினால் பறக்கும் நேரம் இருமடங்காவதில்லை. ஏனெனில் கூடுதல் மின்கலத்தின் எடையையும் அக்கலமே சுமந்தாகவேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய பகை காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ட்ரோன் அசைவற்ற காற்றில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்திற் செல்கின்றது. அதன் மின்கலம் 20 நிமிடத்திற்கு வரும். காற்றே இல்லாத நாளில் 10 நிமிடம் போய் 10 நிமிடம் திரும்பலாம். அதாவது 7,200 மீட்டர் தொலைவு வரை சென்று மீளலாம். இப்பொழுது வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். காற்றோடு போகும்போது கலத்தின் வேகம் 18 மீட்டர்; எதிர்த்துத் திரும்பும்போது 6 மீட்டரே. 5 நிமிடத்தில் சென்ற தூரத்தைத் திரும்பிக் கடக்க 15 நிமிடம் ஆகும். எனவே 5 நிமிடத்தில், 5,400 மீட்டர் தொலைவிலேயே திரும்பிவிட வேண்டும். இதை அறியாத ஒருவன், "பாதி மின்கலம் தீர்ந்தபின் திரும்பலாம்" என்று எண்ணிப் பத்து நிமிடம் செலுத்துவானாயின், கலம் 10,800 மீட்டர் போயிருக்கும். மிஞ்சிய பத்து நிமிடத்தில் அது திரும்பி வரக்கூடியது 3,600 மீட்டர்தான். வழியில் மூன்றில் ஒரு பங்கு கடந்ததும் அது விழுந்துவிடும். விழும் இடம் ஏரியாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்து முற்றமாகவும் இருக்கலாம். 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கிடாவிடில், ஐந்து வினாடிக்குள் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் தரையை அடையும்.

இனி, கண்ணின் எல்லையைக் காண்போம். நல்ல பார்வையுடைய மனிதனின் கண், 1 கிலோமீட்டர் தொலைவில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை ஒரு புள்ளியாகவே காணும். அப்புள்ளியில் முகப்பு எது, வால் எது என்று அறிய இயலாது. முகப்பு எத்திசையை நோக்கியுள்ளது என்று அறியாதவன் வலப்புறம் திருப்புவதாக எண்ணி இடப்புறம் திருப்பிவிடுவான். ஆகவே கைக்கு அடக்கமான கலங்களுக்குக் கண்ணின் ஆட்சி சில நூறு மீட்டரிலேயே முடிந்துவிடுகின்றது. பெட்டி 10 கிலோமீட்டர் என்று சொன்னாலும், சட்டம் நம்மைப் பொதுவாக நிறுத்துவது இக்கண்ணின் எல்லைக்குள்ளேயே. கண்ணுக்கப்பால் செலுத்துவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதனைப் பெற்றோரே அவ்வாறு செலுத்தலாம். வாங்குவோர் இதனை உணர்வாராயின், பயன்படுத்த முடியாத தொலைவிற்காகப் பெரும்பொருள் கொடுக்கமாட்டார். அப்பொருளைக் கொண்டு உறுதியான கலத்தையும், உதிரி மின்கலங்களையும், காற்றில் தளராத பொறியையும் பெறலாம். தொடர்பு அறுந்தால் தானே புறப்பட்ட இடத்திற்குத் திரும்பும் அமைப்பு இருக்கின்றதா என்பதையும் பார்த்து வாங்கவேண்டும். அவ்வாறு திரும்பும் உயரத்தைச் சுற்றுப்புறத்து மரங்கள், கம்பங்கள், கோபுரங்கள் யாவற்றினும் மேலாக முன்னரே குறித்து வைத்தல் இன்றியமையாதது. குறிக்க மறந்தால் வீடு திரும்பும் கலம் முதல் மின்கோபுரத்திலேயே மோதி நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வருவார் என்று காத்திருப்போரும் உளர். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில தேவைகளுக்கே விலக்கு உண்டு. உதிரி உறுப்புகளுக்கு அத்தடை இல்லை.

விதிகளுக்கு வருவோம். 2021 ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. பின்னர் அவற்றில் சில திருத்தங்களும் செய்யப்பட்டன. அவ்விதிகள் கலங்களை எடையால் வகுக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேற்பட்டது பெரியது. எடை என்பது சுமையையும் சேர்த்தே கணக்கிடப்படும். வகுப்புக்கு எடையை ஏன் அடிப்படையாகக் கொண்டனர் என்பதை, மேலே சொன்ன வீழ்ச்சியின் கணக்கை நினைவிற் கொண்டோர் எளிதில் அறிவர்.

ஒவ்வொரு ட்ரோனும் 'டிஜிட்டல் ஸ்கை' என்னும் அரசாங்க இணையத்தளத்தில் பதிவு செய்யப்பெற்று, தனக்கென ஓர் அடையாள எண் பெறவேண்டும் என்பது பொதுவிதி. மோட்டார் வண்டிக்கு எண் பலகை போன்றது அது. செலுத்துபவர் 18 வயது நிரம்பியவராகவும், பத்தாம் வகுப்புத் தேறியவராகவும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்திற் பயின்று சான்றிதழ் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். நானோ கலத்திற்கும், வாணிக நோக்கமின்றிச் செலுத்தும் மைக்ரோ கலத்திற்கும் அச்சான்றிதழ் தேவையில்லை. நானோ ஒழிந்த ஏனையவற்றிற்குப் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடு செய்யும் இன்ஷூரன்ஸும் வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் அத்தளத்தின் வழியே தெரிவிக்கவேண்டும். விதிகளை மீறுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் வரையில் தண்டம் விதிக்கப்படும்.

வானமும் மூன்று நிறங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அவ்வுயரம் 60 மீட்டராகக் குறையும். அவ்வுயரங்களுக்கு மேற்பட்ட வானம் மஞ்சள் மண்டலம். அங்கே பறக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தினுள் மத்திய அரசின் அனுமதியின்றி நுழையலாகாது. இதனோடு, நெருக்கடி நேர்ந்தவிடத்து, போலீஸ் சூப்பரிண்டெண்ட் பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம் வரை ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். நேற்றுப் பச்சையாக இருந்த வானம் இன்றும் பச்சையாக இருக்கும் என்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு முறையும் பறக்கவிடுமுன் அத்தளத்தின் வரைபடத்தைப் பார்த்தாகவேண்டும். பேளகொண்டப்பள்ளி விமானக் களத்திற்கு இத்துணை அருகில் வாழும் கெலமங்கலத்தார்க்கு இது மிகவும் வேண்டுவது.

120 மீட்டர் என்னும் எல்லை எங்கிருந்து வந்தது? ஆள் ஏறிச் செல்லும் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, ஊரற்ற வெளியிலும் 150 மீட்டருக்குக் கீழே வாராமை உலகெங்கும் பொதுவழக்கு. அவற்றிற்கும் நமக்கும் இடையே 30 மீட்டர் இடைவெளி விடப்பட்டுள்ளது, அவ்வளவே. அந்த உயரமும் கலத்திற்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது. குன்றின் உச்சியில் நின்று 100 மீட்டர் உயரத்தில் செலுத்திய கலம், பள்ளத்தாக்கின் மேலே செல்லும்போது, தரையிலிருந்து 200 மீட்டர் உயரத்தில் பறப்பதாகிவிடும். கருவியோ புறப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இவ்விதிகள் மிகையெனத் தோன்றுமாயின், 2018 டிசம்பரில் இலண்டனுக்கு அருகே காட்விக் விமான நிலையத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ட்ரோன் தென்பட்டதாக வந்த செய்தியினால் மட்டுமே அந்நிலையம் மூடப்பட்டது. ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்கள் தடைப்பட்டன. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் கிறிஸ்துமஸ் விழாக் காலத்தில் தவித்தனர்.

கெலமங்கலத்திலிருந்து கர்நாடக எல்லை தொலைவிலில்லை. எல்லைக்கு அப்பால் வேறு விதியோ என்று சிலர் ஐயுறுவர். நம் அரசியல் சட்டத்தின்படி விமானமும் வான்வழியும் மத்திய அரசின் பொறுப்பு; ஆகவே தரையில் பலகை மாறினாலும் வானின் விதி மாறாது.

எல்லையை யானைகளும் அறியா. கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு முதலிய காடுகளுக்கு ஆண்டுதோறும் வருகின்றன. இரவில் கொல்லைக்குள் இறங்கும் யானையால் ஓர் ஆண்டின் உழைப்பு ஒரே இரவில் அழிவதும், காவல் காத்தவர் உயிரிழப்பதும் இப்பகுதியார் அறிந்த துயரம். ஓசூர் வனக்கோட்டத்து அதிகாரிகள் யானைகளின் இருப்பிடத்தை அறிய ட்ரோன்களையும் பயன்படுத்தியுள்ளனர். உடலின் வெப்பத்தைக் கொண்டு உருவத்தைக் காட்டும் காமிரா, இருளிலும் கூட்டத்தைக் காட்டிவிடும். ஊராரை முன்னரே எச்சரிக்கலாம். ஆப்பிரிக்க யானைகள் தேனீக்களின் இரைச்சலைக் கேட்டு விலகி ஓடுவது ஆராய்ந்து அறியப்பட்டுள்ளது. தான்சானியா நாட்டில் ட்ரோனைக் கொண்டே அவற்றைப் பயிர்களினின்று விலக்கியும் இருக்கின்றனர். இதில்தான் அபாயமும் உள்ளது. பயிற்சியற்ற ஒருவன் படம் பிடிக்கும் ஆசையால் கூட்டத்தின் மேலே தன் கலத்தைச் செலுத்தினால், மிரண்ட யானைகள் எத்திசையில் ஓடும் என்று யார் சொல்லவல்லார்? அத்திசையில் கேழ்வரகுக் காவலுக்குப் பரண் மேல் ஒருவர் இருக்கக்கூடும். வனவிலங்குச் சரணாலயத்தின் மேலே அனுமதியின்றிப் பறக்கவிடுதல் குற்றமென்பது இதனால்தான். அனுமதி பெற்றோரும் வனத்துறையினர் உடனிருக்கச் செலுத்துவதே முறை.

அங்ஙனமாயின், கண்ணுக்கப்பால் செலுத்துவோர் எவ்வாறு செலுத்துகின்றனர்? 2021 செப்டம்பரில் தெலுங்கானாவின் விகாராபாத்தில், மருந்துகளையும் தடுப்பு மருந்துகளையும் ட்ரோனில் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பும் சோதனை தொடங்கிற்று. அதற்கெனத் தனி அனுமதி பெறப்பட்டது. பறக்கும் வழி முன்னரே வரையறுக்கப்பட்டது. ருஸ்தமின் வழியில் வந்த 'தபஸ்' என்னும் பெரிய ஆளில்லா விமானம் 2023 ஜூன் 16 அன்று கர்நாடகத்தில் சித்திரதுர்க்கத்துச் சோதனைக் களத்திலிருந்து எழுந்தது. அதிலிருந்து 285 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது கார்வார் கடற்படைத் தளம். அங்கிருந்து கடலினுள் 148 கிலோமீட்டர் தொலைவில் 'சுபத்ரா' என்னும் போர்க்கப்பல் நின்றது. தரையிலிருந்தோர் விமானத்தின் கட்டுப்பாட்டைக் கப்பலில் இருந்தோரிடம் ஒப்படைத்தனர். மூன்றரை மணி நேரப் பயணத்தில் 40 நிமிடம் கப்பலினரே அதனைச் செலுத்தினர். பின்னர் அது திரும்பி வந்து இறங்கிற்று. ஒரு மனிதன் தன் கையிலுள்ள கருவியைக் கொண்டு செய்த காரியமன்று அது. ஓட்டப் பந்தயத்தில் கோலைக் கை மாற்றுவது போல ஒருவர் பொறுப்பை மற்றொருவர் ஏற்றமையால் நிகழ்ந்தது.

மாணவர்களாகிய நீங்கள் 18 வயது வரை காத்திருக்க வேண்டுமோ என்று வருந்தவேண்டியதில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள், பச்சை மண்டலத்தில், தம் வளாகத்தினுள்ளோ தம் பொறுப்பிலுள்ள திறந்த வெளியிலோ, ஆராய்ச்சிக்காகவும் சோதனைக்காகவும் ட்ரோனைப் பறக்கவிடப் பதிவு எண், சான்றிதழ் முதலியவற்றிலிருந்து 2021 விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஆசிரியர் துணையுடன் சிறு கலமொன்றை நீங்களே கட்டலாம்.

கட்டுவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டையை விமான வடிவில் வெட்டி, முகப்பில் மட்டும் கரிய வண்ணம் பூசி, நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் பொருத்துங்கள். ஒருவன் அதனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேரான பாதையிலோ விளையாட்டுத் திடலிலோ நடந்து செல்லட்டும். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் அவன் நின்று, முகப்பை வலமோ இடமோ தன் விருப்பப்படி திருப்பிக் காட்டட்டும். ஏனையோர் ஓரிடத்தில் நின்று, எப்பக்கம் திருப்பினான் என்பதைப் பிறரைக் கேளாமல் தத்தம் ஏட்டில் எழுதவேண்டும். முற்பகலில் ஒரு முறையும், கதிரவன் சாயும்போது ஒரு முறையும் செய்யுங்கள். விடைகள் எத்தனையாவது மீட்டரில் பிழைபடத் தொடங்குகின்றன என்பதை வகுப்பு முழுவதற்கும் பட்டியலிட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.